தூசி நீக்கும் ஜீவராஜ்

வேலை செய்யத் தெரியாதவர்களை மன்னித்துவிடலாம். செய்யவே மாட்டேன் என்பவர்களைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் செய்யப்போகும் வேலையை ஆயுள் முழுக்கக் கற்றுக்கொண்டே இருக்கும் ஓர் இனம் இருக்கிறதே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. ஹட்டனில் மட்டும் பத்துப் பேரையாவது காட்டுவேன். இப்போதைக்கு ஜீவராஜ் ஒருவர் போதும்.

ஜீவராஜ் அரசாங்கக் கிளார்க். பழைய நெகட்டிவைப் படமாக்கும் ஸ்கேனர் ஒன்றைக் கொழும்பிலிருந்து தருவித்தார். அதற்கென்று தனியாக ஒரு மென்பொருளும் ஏற்றினார். நாலு மாதமாயிற்று. அதில் எத்தனை பொத்தான், எதை எவ்வளவு நகர்த்தினால் நிழல் கறுக்கும், எதைத் தொட்டால் வெள்ளை வெளிறும், எந்த நாட்டுக்காரன் வீடியோவில் எதற்கு எதிராகப் பேசினான் என்பதெல்லாம் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். உருப்படியாக ஒரு படம் வந்ததா என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். உங்கள் தேத்தண்ணி ஆறிப்போகும்.

இவரிடம்தான் டிலுக்ஷி வந்து மாட்டினாள். லிந்துலைப் பக்கத் தோட்டமொன்றில் பாலர் பாடசாலை டீச்சர். அம்மா இறந்துவிட்டார். லயத்து வீட்டின் ஈரத்தில் பழைய படங்களெல்லாம் பூஞ்சணம் பூத்துப்போய், மிச்சமிருந்தது ஒரேயொரு கறுப்பு வெள்ளை நெகட்டிவ். மாதா கோயிலில் முப்பத்தோராம் நாள் பூசையில் கொடுக்கும் நினைவு அட்டைக்கு அதிலிருந்து அம்மாவின் முகம் வேண்டும். மூன்று வாரம் இருந்தது.

"சும்மா அமுக்குனா வந்துருமுன்னு நெனைக்கிறாங்க டீச்சர்," என்றார் ஜீவராஜ், வெள்ளைக் கையுறையை மாட்டியபடி. இந்த ஜனங்களுக்கு யார் எடுத்துச் சொல்வது என்று அவருக்குப் பரிதாபமாக இருந்தது.

முதல் வாரம் ஹட்டனில் ஒரே மிஸ்ட், எதிரே ஆள் தெரியாத பனிமூட்டம். பிலிமில் ஈரம் ஏறியிருக்கும் என்று தொடவில்லை. அடுத்த வாரம் வெயிலடித்தது. வெயிலில் தூசி பறக்குமாம், அப்போதும் தொடவில்லை. மூன்றாம் வாரம் அவர் நம்பியிருந்த வீடியோவுக்கு எதிராக இன்னொருவர் வீடியோ போட்டுவிட்டார். பிறகு எப்படித் தொடுவது?

"அந்தப் புள்ளைக்கு அம்மா மொகந்தாங்க வேணும். ஒங்க ஆராய்ச்சியா கேக்குது?" என்றாள் மனைவி ரோகினி. ஜீவராஜ் அவளை மன்னித்தார். டிபிஐ என்றால் ஓர் அங்குலத்துக்கு எத்தனை புள்ளி என்பதுகூட அறியாதவள்.

பூசைக்கு முதல்நாள் மத்தியானம் டிலுக்ஷி வந்து நின்றாள். ஐந்து மணிக்கு அச்சகம் மூடிவிடும். வேறு வழியில்லாமல் ஜீவராஜ் ஸ்கேன் செய்தார். தூசி நீக்குவதை உச்சத்துக்கு ஏற்றினார். திரையில் படம் வந்தது, கழுவித் துடைத்த பீங்கான் மாதிரி.

டிலுக்ஷி குனிந்து பார்த்தாள்.

"சேர், அம்மாட மூக்குத்திய காணோமே."

"அது தூசி டீச்சர். சாஃப்ட்வேரே கண்டுபிடிச்சு எடுத்துருச்சு," என்றார், பெருமையாக.

"தூசி இல்லைங்க சேர். அப்பா வாங்கிக் குடுத்தது. அம்மாவ பெட்டியில வைக்கிறப்பகூட கழட்டல."

மனுஷனுக்குச் சுருக்கென்று தைத்திருக்க வேண்டாமா? "அப்ப அந்த அளவைக் கொஞ்சம் கொறச்சுப் பாப்போம். ஒரு வாரம் குடுங்க," என்றார்.

டிலுக்ஷியின் கண் நிறைந்துவிட்டது. ஆனாலும் அழுதுகொண்டு நிற்கவில்லை. கணினியில் ஒரு வெள்ளைப் பக்கத்தைத் திறந்தாள். நெகட்டிவைத் திரைக்கு முன்னால் பிடித்துத் தன் போனால் படமெடுத்தாள். போனிலேயே கறுப்பை வெள்ளையாகவும் வெள்ளையைக் கறுப்பாகவும் மாற்றினாள். ஐந்து நிமிஷம் ஆகவில்லை. கலங்கலாகத்தான் இருந்தது. மூக்குத்தி இருந்தது. நெகட்டிவை ஜெபப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டு அச்சகத்துக்கு ஓடினாள்.

மறுநாள் கோயிலில் டிலுக்ஷியின் அப்பா செபஸ்தியாம்பிள்ளை அட்டையை வாங்கி, படத்தை விரலால் தடவிவிட்டு, சட்டைப் பைக்குள் வைத்துக் கையால் பொத்திக்கொண்டார். பின்வரிசையில் ஜீவராஜ் தன் அட்டையை வெளிச்சத்துக்குப் பிடித்து, "ஓரமெல்லாம் மங்கிப் போயிருக்கு. நம்மகிட்ட விட்டிருக்கலாம்," என்று ரோகினியின் காதில் சொன்னார்.

சிரித்துக்கொள்ளுங்கள். மூன்று வாரம் அந்த முகத்தை வீட்டில் வைத்திருந்தவர், அந்த அம்மாவின் பெயரை ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. இதுவரை ஸ்கேனரையும் தூசியையும் ரசித்துக்கொண்டு வந்தீர்களே, நீங்கள் கேட்டீர்களா?

மரியபுஷ்பம்.