ரிஜெக்ட் அக்கா ஒட்டிய மஞ்சள் ஸ்டிக்கர்

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரைக்கும் ரோட்டின் இரண்டு பக்கமும் கம்பெனிகள். ஒவ்வொரு கம்பெனியிலும் தரம் பார்க்க ஒரு படையே உண்டு. கேமரா வைத்துப் பார்ப்பார்கள், லேசர் வைத்துப் பார்ப்பார்கள். அந்தப் படை மொத்தத்தையும் தராசின் ஒரு தட்டில் ஏற்றி, ரிஜெக்ட் அக்காவை மறுதட்டில் ஏற்றினால், அக்கா முதலில் தராசைத்தான் சோதிப்பார்.

அக்கா ஒரு திருநங்கை. குன்றத்தூர்க்காரர். கார் பாகங்கள் செய்யும் கம்பெனி ஒன்றில் பல வருடம் சோதனை மேஜையில் இருந்தவர். நல்ல பாகத்துக்குப் பச்சை ஸ்டிக்கர். தேறாததற்குச் சிவப்பு. கொஞ்சம் சரிசெய்து மறுபடி சோதிக்க வேண்டியதற்கு மஞ்சள். அக்கா எந்தக் கழிப்பறைக் கதவு வழியாகப் போகலாம் என்று நிர்வாகம் எட்டு மாதம் மீட்டிங் போட்டது. ஒன்பதாவது மாதம் அக்கா கம்பெனியின் மெயின் கேட்டிலேயே ஒரு சிவப்பை ஒட்டிவிட்டு வெளியே வந்துவிட்டார்.

வேலை போனது. பழக்கம் போகவில்லை. மூன்று நிறத்திலும் ரோல் ரோலாக ஸ்டிக்கர் வாங்கிக் கைப்பையில் வைத்திருப்பார். டீக்கடை வடைக்குச் சிவப்பு. ஷேர் ஆட்டோ பிரேக்குக்குச் சிவப்பு. பக்கத்து வீட்டில் பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையின் முதுகில் மஞ்சள் ஒட்டினார். கல்யாணம் நடந்தது. ஆறு மாதம் கழித்து அந்தப் பெண்ணே வந்து, "இன்னாக்கா நீ, செவப்பே ஒட்டியிருக்கலாம்ல?" என்று சண்டை போட்டுவிட்டுப் போனாளாம்.

நான் வேலை பார்த்த கம்பெனியை மூடிவிட்டார்கள். ஒரு வருடம் வீட்டில் விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ஐம்பத்திரண்டாவது வயதில் அக்காவிடம் ஒரு ஆய்வு வேலைக்கு வந்து சேர்ந்தேன். திருநங்கைகளின் உடல்நலம் பற்றித் திருநங்கைகளே முன்னின்று நடத்தும் ஆய்வு அது. சென்னையிலிருந்து ஒரு டாக்டரம்மா வருவார். இங்கே எல்லாம் அக்காவின் ராஜ்ஜியம். எனக்குப் பதவி, கள ஒருங்கிணைப்பாளர். அக்கா வாயில் வெறும் 'சாரு'. வேன் ஓட்டுவது, ஃபாரம் ஜெராக்ஸ் எடுப்பது, தண்ணீர் கேன் தூக்குவது ஆகியவற்றை ஒருங்கிணைப்பேன்.

டாக்டரம்மா முதன்முதலில் கேள்வித்தாளைக் கொண்டுவந்த அன்று, அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஸ்டிக்கர் ரோல்களை மேஜையில் வரிசையாக வைத்தார். பரீட்சை எழுத வந்தவர் போல டாக்டரம்மா எதிரே உட்கார்ந்தார்.

"டாக்டரம்மா, இது இன்னாது? 'ஆஸ்பத்திரிக்குப் போகாததற்குக் காரணம்: தூரம், செலவு, நேரமின்மை.' அவ்ளோதானா?"

"வேற என்னக்கா சேர்க்கணும்?"

"போனேன். ஆம்பள வரிசையா பொம்பள வரிசையான்னு அவங்க பேசி முடிக்கறதுக்குள்ள டாக்டரு சாப்ட பூட்டாரு. இத்த எங்க டிக் பண்றது?"

டாக்டரம்மா அதை எழுதிக்கொண்டார். கேள்விக்கு மஞ்சள் விழுந்தது.

அடுத்தது, 'கடைசியாக எப்போது அழுதீர்கள்?' அக்கா கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"நீ எப்போ அழுத?"

"நானா? இல்லக்கா, இது அவங்ககிட்ட..."

"கேக்கறவங்கதான் மொதல்ல பதில் சொல்லணும். எங்க வயித்த மட்டும் தெறந்து பாத்துட்டு, கைய கழுவிக்கினு போன ஆளுங்கள நெறைய பாத்துட்டோம். அதுனாலதான் எங்க பொண்ணுங்க வாய்க்கு வந்தத சொல்லி அனுப்பிடுதுங்க. பொய்ய பூரா எழுதி வெச்சிக்கினு நீ இன்னா வைத்தியம் பாப்ப? எல்லாம் ஸ்க்ராப்புதான்."

டாக்டரம்மா நிமிர்ந்து ஃபேனைப் பார்த்தார். "இன்னிக்குக் காலைலதான்க்கா. டோல்கேட்ல."

"இன்னாத்துக்கு?"

"தெரியலக்கா."

அக்கா தண்ணீர் டம்ளரை அவர் பக்கம் நகர்த்திவிட்டுக் கேள்விக்குப் பச்சை ஒட்டினார். அன்றிலிருந்து அதுதான் எங்கள் சட்டம். கேட்பவர் முதலில் தன் பதிலை எல்லார் முன்னாலும் சொல்ல வேண்டும்.

இந்தச் சட்டத்தைக் கண்டு நான் மெய்சிலிர்த்தேன். ஏனென்றால் கேட்பவன் நான் இல்லை. தண்ணீர் கேன் தூக்குகிறவனை யாரும் கேள்வி கேட்பதில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வடக்குப்பட்டில் ஒரு ஹாலில் பதினெட்டுத் திருநங்கைகள் பாய் விரித்து உட்கார்ந்திருந்தார்கள். கேள்வி கேட்க வேண்டிய பெண்ணுக்குக் கம்பெனியில் திடீரென்று ஓவர்டைம் போட்டுவிட்டார்கள்.

"சாரு, இன்னிக்கு நீ கேளு," என்று அக்கா ஃபாரத்தை என் கையில் திணித்தார்.

முதல் கேள்வியே, 'உங்களுக்குச் சர்க்கரை நோய் உண்டா?' பதினெட்டு ஜோடிக் கண்களும் என் மேல்.

"இல்லை," என்றேன். என் குரல் எனக்கே வேறு யாரோ பேசுவது மாதிரி கேட்டது.

உண்மை என்னவென்றால், இரண்டு வருடம் முன்பு, மூடுவதற்கு முன்னால் எங்கள் கம்பெனி நடத்திய மருத்துவ முகாமில் என் கையில் ஒரு சீட்டைக் கொடுத்து, "உடனே டாக்டரைப் பாருங்க" என்றார்கள். அந்தச் சீட்டை மடித்து ரேஷன் கார்டு கவருக்குள் சொருகினேன். அதற்கப்புறம் ரேஷன் கடைக்குக்கூட மனைவியைத்தான் அனுப்புகிறேன்.

அக்கா என் நெற்றி வியர்வையைப் பார்த்தார். "ரொம்ப சந்தோஷம். மெஷின்ல ஒருதபா பாத்துருவோம். எங்க அது?"

"வேன்ல கீது," என்றேன்.

"எடுத்துக்கினு வா."

மெஷினை எடுத்து வரத்தான் போனேன். சத்தியம். வேனில் ஏறியதும் கை தானாகச் சாவியைத் திருப்பியது. கால் தானாக மிதித்தது. வண்டி தானாக ஒரகடம் பக்கம் போனது. இதில் என் பங்கு மிகவும் குறைவு.

இரண்டு கிலோமீட்டர் போன பிறகுதான் பின்னாலிருந்து வாசனை வந்தது. பதினெட்டு பேருக்கான மதிய பிரியாணி அண்டா என்னோடு வந்துகொண்டிருந்தது. பக்கத்து சீட்டைப் பார்த்தேன். சுகர் மெஷின். எதற்குப் பயந்து ஓடினேனோ அதையே துணைக்கு உட்கார வைத்து ஓட்டிக்கொண்டிருந்தேன். பதற்றத்தில் அதற்கு சீட் பெல்ட் வேறு மாட்டியிருந்தேன்.

ஒரகடம் சந்திப்பில், புதுக் கார்களை ஏற்றிய நீளமான ட்ரைலர் ஒன்று திரும்ப முடியாமல் ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றது. நானும் நின்றேன். பக்கத்தில் ஒரு கம்பெனி பஸ் உரசினாற்போல் வந்து நின்றது. ஷிஃப்டுக்குப் போகிற பையன்கள் எல்லாம் எழுந்து நிற்க, அவர்கள் சீட்டில் எங்கள் பதினெட்டு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். முன் ஜன்னலில், பஸ்ஸைக் கைகாட்டி மறித்து ஏறியிருந்த அக்கா.

"யோவ் சாரு! நீ எங்கனா போ! சோத்த எறக்கி வெச்சிட்டு போ!"

பஸ்ஸுக்குள் நின்ற ஒரு திருநெல்வேலிப் பையன், "ஏ அண்ணாச்சி, பசிச்ச வயித்துல அடிக்கலாமா?" என்றான். அவனுக்கும் பிரியாணிக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது.

அக்கா இறங்கி வந்து வேன் கதவைத் திறந்தார். மெஷினின் பெல்ட்டைக் கழற்றினார். "இதுக்கு பெல்ட்டு போட்டுக்கினு வந்துகீற. உனக்கு போடல. கைய நீட்டு."

நீட்டினேன். குத்தினார். மெஷின் யோசித்த சில விநாடிகளில் நான் மனதுக்குள் உயில் எழுதி முடித்துவிட்டேன். வேன் என்னுடையது இல்லை என்பதால் சீக்கிரம் முடிந்தது. பிறகு எண் வந்தது. அது என்ன எண் என்று இங்கே எழுத மாட்டேன். மனைவியிடம் சொல்லியிருப்பது வேறு எண்.

அக்கா திட்டவில்லை. அதுதான் என்னை உடைத்தது. "ரெண்டு வருசமாவே தெரியும்க்கா," என்றேன்.

"அப்புறம் இன்னாத்துக்கு போவல? தூரமா?"

"பக்கந்தான்."

"செலவா?"

"கவர்மென்ட் ஆஸ்பத்திரி, காசு கேக்க மாட்டாங்க."

"டைம் இல்லியா?"

"ஒரு வருசம் வூட்லதான் சும்மா இருந்தேன்."

"பின்ன இன்னாதான்யா?"

"டாக்டரு திட்டுவாருன்னு பயம்க்கா."

பஸ்ஸின் பின்சீட்டிலிருந்து ஒரு சிரிப்பு. "ஐய, எனக்கும் அதான்க்கா! வந்து நின்னாலே, 'உனக்கு எதுக்கு இந்த வேஷம்'னு ஆரம்பிப்பாங்க. நெஞ்சு வலின்னு சொல்லவே வுடமாட்டாங்க." இன்னொருத்தி ஜன்னலில் தலையை நீட்டினாள். "எனக்கு மூணு வருசமா மூச்சு வாங்குது. ஹால்ல கேட்டா ஒண்ணுமில்லன்னு சொல்லலாம்னு இருந்தேன்." ஒருவர் பின் ஒருவராகச் சொல்ல ஆரம்பித்தார்கள். ட்ரைலர் திரும்பி, ரோடு திறந்து, பின்னால் ஹாரன் அடித்தும் யாரும் நிறுத்தவில்லை.

அன்றைக்கு ஹாலுக்குத் திரும்பி வந்து, ஆறிப்போன பிரியாணியைச் சாப்பிட்டுக்கொண்டே பதினெட்டு பேரும் பொய்யில்லாமல் பதில் சொன்னார்கள். டாக்டரம்மா கேள்வித்தாளில் புதிய காரணம் ஒன்று சேர்த்தார்: 'திட்டுவார்கள் என்ற பயம்.' மருத்துவ அறிவுக்கு என் ஒரே பங்களிப்பு அது. வேனைத் திருடிக்கொண்டு ஓடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

மறுநாள் அக்காவே என்னை ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனார். சீட்டு எழுதுகிறவர் அக்காவை ஏற இறங்கப் பார்த்து, "உன்ன எந்த வார்டுல போடறது?" என்றார்.

"பேஷண்டு இவரு. நான் இன்ஸ்பெக்‌ஷன்," என்றார் அக்கா.

உள்ளே டாக்டர், "ரெண்டு வருஷமா என்னய்யா பண்ணிட்டிருந்த?" என்று குரலை உயர்த்தினார். அக்கா அவர் மேஜையில் சத்தமில்லாமல் ஒரு சிவப்பை ஒட்டினார். டாக்டர் அதைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், தண்ணீர் குடித்தார். "சாப்பாட்டுக்கு முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணு," என்றார் தாழ்ந்த குரலில்.

வெளியே வந்ததும் அக்கா என் சட்டைப் பையில் மஞ்சளை ஒட்டினார். அன்றிலிருந்து திங்கட்கிழமைதோறும் எனக்குச் சோதனை. விரலைக் குத்துவார், எண்ணைப் பார்ப்பார், வாயைத் திறக்கச் சொல்லி ஜிலேபி வாசனை வருகிறதா என்று பார்ப்பார், புது மஞ்சள் ஒட்டுவார்.

"எப்பக்கா பச்சை?" என்று ஒருநாள் கேட்டேன்.

"பச்ச ஒட்டிட்டா பார்ட்டு லாரி ஏறி போய்க்கினே இருக்கும். அப்பால அத்த யாரு திரும்பி பாக்கறா?"

போன திங்கட்கிழமை எண் நன்றாகவே வந்தது. அக்கா இரண்டு தடவை பார்த்தார். கைப்பையைத் திறந்து பச்சை ரோலில் நகத்தை வைத்தார். எனக்கு நெற்றி வியர்த்தது. வேன் சாவி எங்கே என்று கை தேடியது.

"அக்கா, மெஷின் பழசு. அடுத்த வாரம் ஒருதபா பாத்துட்டு ஒட்டுங்களேன்."

அக்கா கண்ணாடிக்கு மேலாக என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு பச்சை ரோலை உள்ளே போட்டுப் பையை மூடினார்.

"திங்கக்கெழம காலீல வா. வெறும் வயித்துல."