மேடத்தின் ரவிக்கை

“அப்பா, நம்ம கோழிக்கு முதுகுல மட்டும் ஏன் டிரெஸ் இல்ல?”

மகள் ரக்ஷனா கேட்ட பிறகுதான் மாணிக்கம் கவனித்தார். அவள் ‘மேடம்’ என்று பெயர் வைத்து வளர்க்கும் கோழியின் முதுகு இறகெல்லாம் உதிர்ந்து சிவந்து கிடந்தது. செம்பவாங்கில் அவர்களுடையது தரைவீடு. இடுப்பளவு சுவருக்கு அந்தப் பக்கம் மைமூன் அக்கா வீடு. அங்கே ‘கேப்டன்’ என்றொரு சேவல்.

“அந்தச் சேவல்தான் இது முதுகு மேல ஏறி நகத்தாலயே பிறாண்டியிருக்கு. அந்தப் பொறுக்கி சுவர் தாண்டி வருது!”

“நீங்க பாத்தீங்களா?” என்றாள் மனைவி மங்களம்.

“பாக்கணுமா? அது கொண்டையே சரியில்ல.”

மேடத்தின் மேல் அவருக்குத் தனி மரியாதை. இந்த ரணத்திலும் காலை தவறாமல் கூண்டில் ஒரு முட்டை இருந்தது. இப்படிப்பட்ட உத்தமியைக் காப்பாற்றாவிட்டால் முருகன் முகத்தில் எப்படி விழிப்பது?

முதலில் மஞ்சளும் வேப்பெண்ணெயும் குழைத்துப் பூசினார். கொடியிலிருந்து விழுந்து கிடந்த அவருடைய வெள்ளை வேட்டியில் மேடம் சுகமாகப் புரண்டது.

“தைப்பூசத்துக்கு இன்னும் மூணு மாசம் இருக்கு. அதுக்குள்ள கோழியும் நீங்களும் மஞ்சளா?” என்றாள் மங்களம்.

அடுத்து, இணையத்தில் பார்த்து அதற்கு ஒரு முதுகுச் சட்டை தைத்தார். பழைய துணி என்று அவர் வெட்டியது மங்களத்தின் கல்யாண ரவிக்கை. அதன்பின் இரண்டு நாள் மங்களம் கோழியிடம் மட்டும்தான் பேசினாள். “நல்லாப் போட்டுக்கடி. எனக்கு அந்த அளவு இனி வராது.”

கடைசியாக, சுவர் மேல் உயரமாக வலை கட்டினார்.

“அக்கா, உங்க சேவல அடக்கி வைங்க!”

“சரி தம்பி, பாத்துக்கிறேன்” என்றார் மைமூன் அக்கா. மறுபேச்சு இல்லை. குற்றத்தை ஒப்புக்கொண்டுவிட்டார் என்று மாணிக்கம் முடிவு கட்டினார்.

மேடத்தின் முதுகில் புது இறகு முளைவிட்டது. ஆனால் முட்டை நின்றுபோனது. இரையைத் தொடாமல் சுவரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. ஐந்தாம் நாள் தலையும் தொங்கியது.

“பயம்! பயத்துலயே சாகப் போகுது!” மாணிக்கம் அடுத்த வீட்டுக் கதவைத் தட்டினார். திறந்தது அக்காவின் மகள் ஆஸ்மா.

“உங்க சேவல் என் கோழிய என்ன கதி பண்ணிருக்கு தெரியுமா?”

ஆஸ்மா உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். “சொல்லக்கூடாதுன்னு அம்மா சொன்னாங்க. எங்க கேப்டனுக்கு ஒரு கால் நொண்டி, அங்கிள். சுவர் எப்படித் தாண்டும், லிஃப்ட்லயா? உங்க மேடம்தான் டெய்லி குதிச்சு வரும் லா. முட்டையும் எங்க செருப்பு ரேக்லதான் போடும். அடுத்த வீட்டுப் பொருள் நமக்கு ஆகாதுன்னு, அம்மாதான் சுவருக்கு மேல கைய நீட்டி உங்க கூண்டுல வச்சுட்டு வருவாங்க!”

மறுநாள் விடிந்தபோது வலை இல்லை. மேடம் ஏறுவதற்குச் சுவரோரம் இரண்டு செங்கல் இருந்தது. ரவிக்கையின் முடிச்சு இன்னும் கொஞ்சம் இறுக்கிக் கட்டப்பட்டிருந்தது.

யாரும் எழுவதற்கு முன், விரலிடுக்கில் மஞ்சள் கறை மாறாத ஒரு கை சுவருக்கு மேல் நீண்டு, கேப்டனின் கிண்ணத்தில் சோளத்தை நிரப்பிவிட்டுச் சத்தமில்லாமல் திரும்பியது.