நெலிதாவின் கணினி மறுபடியும் சாவி கேட்கிறது

மாண்டவீடியோ, ஜனவரி 19

அன்பும் மரியாதையும் நிறைந்த கொழுந்தியாள் மாபெலுக்கு, உன் அக்காள் கணவன் வில்சன் எழுதுவது. இங்கே நானும் பூனை மாதில்தேயும் சுகம், என் முழங்கால் மட்டும் சுகமில்லை. பைசாந்துவில் நீயும் உன் கோழிகளும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

உன் அக்காள் நெலிதா போய்ச்சேர்ந்து மூன்று வருஷம் ஆகிறது. எங்கள் தெருப் பாட்டுக்குழு கார்னிவல் மேடையை விட்டு இறங்கும்போது பாட, ஒரு விடைபெறும் பாட்டை எழுதிக் கணினியில் வைத்துவிட்டுப் போனாளே, அதைத் தொட எனக்கு இத்தனை நாளும் மனசு வரவில்லை. இந்த வருஷம் பாடலாம் என்று குழுத் தலைவன் ஏபரிடம் நானே வாயை விட்டுவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை மேடை. செவ்வாய்க்கிழமை இந்தப் பாழாய்ப்போன மாதில்தே சுடுதண்ணீரைக் கணினிமேல் தட்டிவிட்டது. அது யாருடைய சுடுதண்ணீர் என்பது இங்கே முக்கியமில்லை. பழுதுபார்க்கிற ரூபென் வந்து மதர்போர்டை மாற்றினான். பாட்டு பத்திரமாகத்தான் இருக்கிறது, ஆனால் அதைத் திறக்கும் இசை மென்பொருள் "இது வேறு கணினி, மறுபடியும் ஆக்டிவேட் செய்யவும்" என்று இருபத்தைந்து எழுத்துச் சாவி கேட்டு நிற்கிறது.

"பெரியவரே, உள்ள முக்கியமான பார்ட்ட மாத்துனா அது புது மெஷின்னு நெனச்சுக்கும். ஒரு சாவிய ஊரே போட்டுக்கக் கூடாதுல்ல?" என்றான்.

"எனக்குந்தான்டா இடுப்பெலும்பு மாத்தியாச்சு, பல்லு மாத்தியாச்சு, கண்ணுல புது லென்ஸு. நீ யாருன்னு எவனாவது கேட்டானா?"

"பென்ஷன் ஆபீஸ்ல வருஷா வருஷம் உசுரோட இருக்கீங்களான்னு கேக்கறாங்கல்ல?"

வழக்கம்போல மாத்தேத் தேநீருக்கான சுடுதண்ணீர்த் தெர்மோஸைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, மென்பொருள் நிறுவனத்தின் உதவி எண்ணுக்கு ஃபோன் போட்டேன். ஒரு பெண் குரல், "பதிவுல நெலிதான்னு இருக்கு சார், நாங்க அவங்ககிட்டதான் பேசணும்" என்றது.

"நானுந்தாம்மா அவகிட்ட பேசணும்" என்றேன். ஃபோனை வைத்துவிட்டேன்.

மாபெல், மழை பெய்தால் அவள் மாவு வட்டம் பொரிப்பாளே, ஞாபகமிருக்கிறதா? கையில் மாவோடு வந்து இரண்டு சுரம் தட்டுவாள், நான் ஊற்றிக் கொடுக்கும் மாத்தேயை உறிஞ்சிவிட்டு, "இது அழுகையா இருக்கா, சிரிப்பா இருக்கா?" என்பாள். எனக்கு எந்தச் சுரமும் தெரியாது, "ரெண்டும்" என்பேன். அந்தப் பாட்டுதான் உள்ளே மாட்டிக்கொண்டிருக்கிறது. அடக்கம் முடிந்த மறுநாள் ஞாபகத்துக்கு என்று அவளுடைய வாணலியோடு அந்த மென்பொருள் பெட்டியையும் நீதான் எடுத்துப் போனாய். சாவி அதில்தான் இருக்கும். கோபித்துக்கொள்ளாதே, ஆனால் வேறு யாரும் அதைத் தொடவே இல்லை. நாளைய பேருந்திலேயே கொடுத்தனுப்பு.

உனக்கும் கோழிகளுக்கும் நீண்ட ஆயுளைக் கடவுள் தரட்டும்.

உன் மேல் சற்றே வருத்தத்துடன்,
வில்சன்

பி.கு.: பெட்டி வேண்டாம், வாணலியையும் நீயே வைத்துக்கொள். செவ்வாயிலிருந்து தெர்மோஸ் ஒழுகுகிறதே என்று இப்போதுதான் கவிழ்த்துப் பார்த்தேன். அடியில் பிளாஸ்திரி, அதில் அவள் கையெழுத்தில் இருபத்தைந்து எழுத்து. இத்தனை வருஷமாக அதைக் கக்கத்தில் வைத்துக்கொண்டுதான் ஊர் சுற்றியிருக்கிறேன். பாட்டு திறந்துவிட்டது, அழுகையாகவும் இருக்கிறது, சிரிப்பாகவும் இருக்கிறது. எழுத்துகளுக்குக் கீழே அவள் எழுதியிருப்பது: "கம்ப்யூட்டர் மேல கொட்டிட்டியா வில்சன்? இத அடி. பாவம், பூனை மேல பழி போடாத."