‘சிக் ரிப்போர்ட்’ நைனாவின் பூட்ஸ்

கறுப்பு பாலிஷ் டப்பாவின் மூடியைத் திருகியதும் ஒரு நெடி கிளம்புமே, மெழுகும் டர்பன்டைனும் கலந்து, அது மூக்கில் ஏறினால் போதும், திருவொற்றியூரில் எங்கள் தெரு என் முன்னால் வந்து நின்றுவிடும். கருவாடும் நிலக்கரித் தூசியும் ஆலைப் புகையும் காற்றில் இடம் பிடிக்கச் சண்டை போடுகிற தெரு. அத்தனையையும் தனியாளாக அடக்கி ஆண்டது சிக் ரிப்போர்ட் நைனாவின் பூட்ஸ்.

நோயாளியாக இருப்பதற்கு அவ்வளவு ஆரோக்கியமாகத் தயாரான மனிதர் பூமியில் வேறு யாரும் கிடையாது. எங்கே வேண்டுமானாலும் அடித்துச் சொல்வேன்.

ராணுவத்தில் பதினேழு வருடம் லாரி ஓட்டியவர். அங்கே ஒரு வழக்கமாம். உடம்பு சரியில்லை என்று படுத்துக்கொண்டே சொல்லியனுப்ப முடியாது. விடிந்ததும் முகம் மழித்து, பூட்ஸைப் பளபளப்பாக்கி, கம்பளி, தட்டு, மக், சவரப் பெட்டி எல்லாவற்றையும் பையில் கட்டிக்கொண்டு டாக்டர் முன்னால் விறைப்பாக நிற்க வேண்டும். அவர் ‘படு’ என்றால் நேராகக் கட்டிலுக்குப் போக வேண்டுமே, அதற்குத்தான் பை. இதற்குப் பெயர் சிக் ரிப்போர்ட். படையை விட்டு வந்து, துறைமுகத்தில் கன்டெய்னர் யார்டுக்குக் காவல் இருந்து, அந்த வேலையும் முடிந்த பிறகும், சாதாரணச் சளிக்குக்கூட நைனா மூட்டையோடுதான் கிளம்புவார்.

“இன்னா நைனா, காசிக்கா?” என்பார்கள் டீக்கடையில்.

“சிக் ரிப்போர்ட்!” என்பார், சல்யூட்டோடு.

அவர் மனைவி சுலோச்சனாம்மா வாசலிலிருந்து விடமாட்டார். “யோவ் மிலிட்டரி, இருமலுக்கு எதுக்குயா கம்பளி? போற வழில மாட்டுக்குப் போத்தப் போறியா?”

பிறகு அவருக்குச் சர்க்கரை வந்தது. கூடவே ஒரு கேள்வியும் வந்தது: நைனா யாருடைய நோயாளி?

பக்கத்துச் சுகாதார நிலையத்தில் நர்ஸ் அவருடைய மூட்டையைப் பார்த்துச் சிரித்தார். “மிலிட்டரிகாரங்களுக்குத்தான் தனியா கீதே, அங்க போ நைனா. இங்க இருக்கறவங்களுக்கே மாத்திர பத்தல.”

அந்தத் ‘தனியா’ நகரத்தின் மறுகோடியில் இருந்தது. ஒரு ரயில், இரண்டு பஸ், அப்புறம் வெயிலில் நடை. பனிமலைக்கு லாரி ஓட்டக் கூப்பிட்டபோது வீடு தேடி வந்தது கடிதம். இப்போது ஒரு மாத்திரைக்காக எழுபது வயதில் அவர் அரை நாள் பயணம் போக வேண்டும். பூட்ஸுக்குள் கால் எரிய எரிய.

ஒருமுறை நானும் கூடப் போனேன். நாலு பேர் உட்காரும் பெஞ்சு, நாற்பது கிழவர்கள். கவுண்டரில் தள்ளுமுள்ளு. நைனா மூட்டையை இறக்கினார். “லைன் பனாவ்!” என்று ஒரே ஒரு சத்தம். கைத்தடி, மூக்குக்கண்ணாடி, பஞ்சு வைத்த காது எல்லாம் நூல் பிடித்ததுபோல் நின்றன. பெருக்கிக்கொண்டிருந்த ஆள்கூடத் துடைப்பத்தைத் தோளில் சார்த்தி விறைத்துவிட்டார்.

“இன்சுலின் ஸ்டாக் இல்ல. அடுத்த வாரம் வாங்க” என்றார் கவுண்டர்காரர்.

“போன வாரமும் இதயேதான் சொன்னீங்க சாப்.”

“அப்ப கரெக்டாத்தானே சொல்லியிருக்கேன்.”

உள்ளே டாக்டர் தலை நிமிராமல், “எப்படி இருக்கீங்க?” என்றார். நைனாவின் குதிகால்கள் ‘டக்’கென்று சேர்ந்தன. “டீக் ஹை, சாப்!” நன்றாக இருக்கிறாராம்.

“அடுத்தது யாரு?”

விடியலில் கிளம்பி வந்தது இந்த இரண்டு வார்த்தைக்கு. வெளியே வந்து நான் கத்தினேன். “கால் எரியுதுன்னு எங்கிட்ட அழுத, அவராண்ட இன்னாத்துக்கு நைனா டீக் ஹை?”

“ஆபீசர் கேட்டா வேற இன்னா சொல்றது தோஸ்து? இல்லன்னா, வேலைக்கு டபாய்க்கிறான்னு பேராயிடும்.”

டபாய்க்க அவருக்கு எந்த வேலையும் மிச்சமில்லை. ஆனால் பழக்கத்துக்கு அது தெரியவில்லை. எழுதுகிற டாக்டருக்கும் தெரியவில்லை. நிமிர்ந்து நிற்பவனுக்கு நோயிருக்காது என்று யார் சொல்லிக்கொடுத்தார்கள்?

அதற்குப் பிறகு பாலிஷ் நெடி கூடிக்கொண்டே போனது. நைனா வீட்டுக்குள்ளும் பூட்ஸைக் கழற்றுவதில்லை. புது மாப்பிள்ளை என்று தெருவே கேலி செய்தது. நானும்தான் செய்தேன்.

ஒரு மத்தியானம் சுலோச்சனாம்மா வந்து, “தம்பி, வூட்டாண்ட வா” என்றார். தண்ணி டிரம்முக்குப் பின்னால் நைனா ஒளித்துவைத்திருந்த ஒரு சாக்ஸை எடுத்து நீட்டினார். “மோந்து பாரு.”

பாலிஷ் நெடிக்கு அடியில் இன்னொரு வாடை இருந்தது. அழுகல். அதை மறைக்கத்தான் அத்தனை டப்பா.

“நாப்பது வருசமா குடித்தனம் பண்றேன். என்னாண்டயே டீக் ஹை சொல்லிக்கினு கீறான் இந்தாளு.”

மறுநாள் மூன்று பேரும் போனோம். அதே வரிசை, அதே குனிந்த தலை. “எப்படி இருக்கீங்க?”

“டீக்...”

“வாய மூடு மிலிட்டரி! பூட்ஸக் கழட்டு!”

உத்தரவு. நைனாவின் விரல்கள் தாமாகவே லேஸுக்குப் போயின. டாக்டர் முதல்முறையாகத் தலை நிமிர்ந்தார். உடனே மூக்கைப் பொத்தினார். உடனே பெரிய ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும் என்று எழுதியும் கொடுத்தார். ஆனால் அந்தச் சீட்டில் அதிகாரி கையெழுத்து வேண்டுமாம். அதிகாரி லீவாம். திங்கட்கிழமை வரச் சொன்னார்கள். அன்று வியாழன்.

சுலோச்சனாம்மா கத்தவில்லை. நடைபாதை நடுவில் மூட்டையைப் பிரித்தார். கம்பளியை விரித்தார். தலைமாட்டில் தட்டு, மக், சவரப் பெட்டி, ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக, அளவெடுத்ததுபோல். “மிலிட்டரி, படு.”

படுத்தார். படுத்தபடியே அட்டென்ஷன்.

“திங்கக்கெழம வரிக்கும் இங்கதான். தாண்டிக்கினு போறவங்க போங்க.”

யாரும் தாண்டவில்லை. வரிசையில் பின்னால் நின்ற ஒருவர் மெல்லக் குனிந்து தன் லேஸைத் தளர்த்தினார். அடுத்தவரும் குனிந்தார். பிறகு இன்னும் இரண்டு பேர். ஒரு காலில் கட்டு, ஒரு காலில் கட்டைவிரல் இல்லை. கவுண்டர்காரர் அந்தக் கால்களைப் பார்த்தார், எழுந்து ஓடினார்.

அரைமணியில் கையெழுத்து வந்தது. லீவில் போன அதிகாரி எந்த ரயிலைப் பிடித்து வந்தாரோ தெரியாது. பக்கத்து அறையிலிருந்து வந்த ரயில் என்று நினைக்கிறேன்.

அந்த அரைமணி நேரம் ஆறு மாதத்துக்கு முன்பே அந்தக் கட்டடத்தில்தான் இருந்தது. யாரும் எடுத்துக் கொடுக்கவில்லை. மலைப்பாதைகளில் ஒரு கீறல் படாமல் திரும்பிய கால், ஒரு வரிசையில் நின்று நின்று கறுத்துப்போனது. காலை எடுக்க உள்ளே போனவர் திரும்பி வரவில்லை. எனக்கு இன்னும் ஆறவில்லை. யாரைத் திட்டுவது என்று தேடினால், எல்லாருமே அந்த நேரம் தலையைக் குனிந்து ஏதோ எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.

அன்று அறுவைச் சிகிச்சைக்கு முன்னால் அவரை ஸ்ட்ரெச்சரில் படுக்கவைத்திருந்தார்கள். சற்றுத் தள்ளி பெஞ்சில் சுலோச்சனாம்மா, பூட்ஸ் இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டு, முந்தானையால் துடைத்தபடி இருந்தார். கதவு திறந்தது. என்ன சொல்வதென்று தெரியாமல் நானும் எல்லாரையும்போல அதையே கேட்டேன்.

“எப்டி கீற நைனா?”

போர்வைக்குள் குதிகால்கள் சேரப் பார்த்தன. பிறகு விட்டுவிட்டன. பெஞ்சுப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, என் சட்டையைப் பிடித்துக் கிட்டே இழுத்தார்.

“வலிக்குது தோஸ்து. ரொம்ப வலிக்குது. அவளாண்ட சொல்லாத.”