புதுசு வந்திருக்குதுங்க, மாத்திக்கலாமுங்களா?

மரியாதை தெரிந்த மென்பொருள் எழுதுகிறவனை மட்டும் வீட்டு மாப்பிள்ளையாக்கிவிடாதீர்கள். அனுபவத்தில் சொல்கிறேன், அந்த மாப்பிள்ளை நான்தான்.

குறித்த நேரத்தில் கட்டளைகளைத் தானே ஓட்டும் சிறு கருவி ஒன்றை அலுவலகத்துக்காக எழுதியிருந்தேன். பட்டன், படம் எதுவும் கிடையாது. கறுப்புத் திரையில் எழுத்து மட்டும்தான். கூட வேலை செய்கிறவர்கள் பழைய பதிப்பையே வைத்துக்கொண்டு, நான் எப்போதோ சரிசெய்துவிட்ட பிழைக்கு என்னைத் திட்டினார்கள். கடுப்பாகிவிட்டது. கருவி பழையதாகிவிட்டால் அதுவே எச்சரிக்கும்படி செய்தேன்: "புதுசு வந்திருக்குதுங்க. மாத்திக்கலாமுங்களா?"

எச்சரித்துவிட்டு அது தன் வேலையைப் பார்த்திருக்கலாம். அப்படி விட்டால் எவன் படிப்பான்? ஆமாம் அல்லது இல்லை என்று யாராவது அடிக்கும்வரை அசையாமல் நிற்கும்படி எழுதினேன். (என்ன ஒரு மூளை!)

கல்யாணமான புதிதில், புதுச்சத்திரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் மாமனாரின் கோழிப்பண்ணைக்குப் போனேன். தினமும் விடியற்காலையில் அவரே போய்த் தீவன மோட்டாரைப் போடுவார். சும்மா இருந்து தொலைத்திருக்கலாம். பண்ணை அறையில் கிடந்த பழைய கம்ப்யூட்டரில் என் கருவியை ஏற்றி, மோட்டாரை அதோடு இணைத்தேன்.

"இனிமே நிம்மதியாத் தூங்குங்க மாமா" என்றேன்.

அவரும் அக்கம்பக்கத்துப் பண்ணைக்காரர்களிடமெல்லாம் "எங்க மாப்பிள்ளை செஞ்சதுங்க" என்று சொல்லிக்கொண்டு திரிந்தார். வாழ்க்கையில் அதுவரை யாரும் என்னைப் பற்றி அப்படிப் பெருமை அடித்ததில்லை.

ஆடி விருந்துக்குப் போயிருந்தோம். மாலையில் அவர்கள் வீட்டில் உட்கார்ந்தபடியே கருவியின் புதிய பதிப்பை வெளியிட்டேன். மறுநாள் காலை இலையில் இட்லி குவிந்துகொண்டிருந்தது. அத்தை யாரையும் கேட்டு வைக்கிற ஆள் இல்லை.

"போதுங்க அத்தை."

"அட, சாப்புடுங்க மாப்ள. எளச்சுப் போயிட்டீங்க."

பண்ணைப் பக்கமிருந்து ஒரே கூச்சல். என்னவென்று பார்க்கப் போன மாமனார் திரும்பி வந்தார். 

"ஏனுங் மாப்ள, உங்க டப்பா என்னமோ கேட்டுட்டு நிக்குதுங்க. கோழியெல்லாம் பட்டினி கெடக்குதுங்க."

எச்சில் கையோடு ஓடினேன். புதுசு வந்திருக்குதுங்க, மாத்திக்கலாமுங்களா? விடிந்ததிலிருந்து அந்தக் காலி அறையிடம் அது அனுமதி கேட்டுக்கொண்டிருந்திருக்கிறது. பதற்றத்தில் சட்னி விரலால் "ஆமாம்" என்று அடித்தேன். அது சாவகாசமாகப் புதிய பதிப்பை இறக்க ஆரம்பித்தது. மாமனார் என்னைத் தாண்டிப் போய், கையால் சுவிட்சைப் போட்டார்.

வேலிக்கு அந்தப்பக்கம் இருந்து பக்கத்துப் பண்ணைக்காரர் எட்டிப்பார்த்தார். "மாப்பிள்ளை செஞ்சதுங்களா?"

மாமனார் தலையை மட்டும் ஆட்டினார். அந்த வாரம் முட்டை குறைந்தது.  திட்டியிருந்தால்கூடத் தேவலை, மறுநாள் விடியற்காலையில் மனுஷர் தானே எழுந்து மோட்டாரைப் போடப் போனதுதான் எனக்குத் தாங்கவில்லை.

இப்போதெல்லாம் என் கருவி ஒரே வரியில் எச்சரித்துவிட்டு வேலையைப் பார்க்கிறது. மாறிப்போனது அத்தைதான். நான் இலைமுன் உட்கார்ந்தால் கரண்டியும் கையுமாக வந்து நிற்பார்.

"சோறு போடலாமுங்களா மாப்ள? ஆமாவா, இல்லையா?"

நான் "ஆமாங்க" என்று சொல்லும்வரை கரண்டி அசையாது. மாமனார் தலையைக் குனிந்துகொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரிப்பார். ரசத்துக்குத் தனியாக இன்னொரு முறை சொல்ல வேண்டும்.