கிராபிக்ஸ் கார்டை அணைத்த மாப்பிள்ளை

கணினி தெரிந்தவனுக்கு, ஒழுங்காக ஓடுகிற ஒன்றை அப்படியே விட்டுவைக்கத் தெரியாது. இதை நான் என் கல்யாண மேடையிலேயே, பட்டுவேட்டியோடு குத்தவைத்து உட்கார்ந்து, சொந்தபந்தம் அத்தனை பேருக்கும் நிரூபித்துக் காட்டியிருக்கிறேன்.

எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் இணைச்சீர் என்று ஒன்று உண்டு. மாப்பிள்ளையும் அவன் கூடப்பிறந்தவளும் அருகருகே உட்கார்ந்து, கூறைச்சேலையின் ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொள்வார்கள். பெண்டாட்டி வந்தாலும் உன்னை விட்டுவிட மாட்டேன் என்று சொல்கிற சீர் அது. எனக்கு இருப்பது ஒரே அக்கா. அப்பா போன பிறகு என்னை ஆளாக்கியவள். அவளோ ஜெர்மனியில், நிறைமாதமாக இருந்தாள். விமானம் ஏறக்கூடாது என்று டாக்டர் சொன்னதும் போனிலேயே அழுதாள். "சித்தி மகள் சேலையைப் புடிச்சுக்கட்டும். நீ வீடியோ கால்ல, மேடையில பெரிய திரையில தெரிவே" என்று வாக்குக் கொடுத்தேன். லேப்டாப் என்னுடையது, லினக்ஸ் போட்டது (வேறெதையும் தொடமாட்டேன் என்று அப்போது ஒரு திமிர்).

முந்தின நாள் சாயங்காலமே திருச்செங்கோட்டு மண்டபத்தில் சோதித்துப் பார்த்தோம். திரையில் அக்கா பளிச்சென்று தெரிந்தாள். அதோடு சும்மா இருந்திருக்கலாம். லேப்டாப்பின் விசிறிதான் போர் போடுகிற ரிக் வண்டி மாதிரி இரைந்தது. அவள் பேசுவது கேட்காமல் போய்விடுமோ என்று எனக்கு உறுத்தல்.

அந்த லேப்டாப்பில் கிராபிக்ஸ் இரண்டு. பிராசசரோடு ஒட்டிய சின்னது ஒன்று, தனியாக வைத்த பெரிய கார்டு ஒன்று. வேலையே இல்லாவிட்டாலும் சூடாகி, பேட்டரியைக் குடித்து, விசிறியைக் கத்த வைப்பது பெரியதுதான். கல்யாணத்தன்று காலை மாப்பிள்ளை அறையில் உட்கார்ந்து அதை அணைக்கக் கிளம்பினேன். முதலில் அணையவில்லை. டிரைவரைக் கழற்றினேன், அணைந்தது. ரீஸ்டார்ட் செய்தால் மறுபடி முழித்துக்கொண்டது. விடுவேனா, ஒவ்வொரு முறை ஆன் ஆகும்போதும் தானாகவே அணையும்படி நிரந்தர ஏற்பாடு செய்தேன். விசிறி அடங்கியது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

இணைச்சீருக்கு மேடையேறித் திரை ஒயரைச் செருகினேன். திரை கறுப்பாகவே இருந்தது. ஒயர் செருகுகிற இடம் நான் அணைத்த கார்டோடு சேர்ந்தது என்பது அப்போதுதான் மண்டையில் உறைத்தது. ரீஸ்டார்ட் செய்தேன். நான் சொன்ன சொல்லைத் தட்டாமல் கார்டு மறுபடியும் அணைந்தது; வீடியோ காலை மறுபடி போட்டால், அக்கா லேப்டாப்புக்குள் மட்டும் வந்தாள். செய்த ஏற்பாட்டை அழிக்கலாமென்றால், அவசரத்தில் பாஸ்வேர்டு தப்புத்தப்பாக விழுந்தது.

சீர் செய்துவைக்கும் அருமைக்காரர் குனிந்து பார்த்தார். "ஏனுங்க மாப்ள, கல்யாணத்தன்னிக்கும் ஆபீஸ் வேலைங்களா? நேரம் போகுது சாமி."

"ஒரு நிமிசமுங்க" என்றேன். கண்ணில் தண்ணீர் முட்டியது. வாக்குக் கொடுத்துவிட்டு அவளை வெளியே நிறுத்திவிட்டேனே!

லேப்டாப்பிலிருந்து அக்காவின் குரல் வந்தது. விசிறி இரைச்சல் இல்லாததால் மேடை முழுக்கக் கேட்டது.

"அழுவாதடா கண்ணு. பெருசாத் தெரியோணும்னு ஆரு கேட்டா? என்னையத் தூக்கி அவ மடியில வைடா."

சித்தி மகள் மடியில் லேப்டாப், அதில் அக்கா. அருமைக்காரர் ஒரு கணம் யோசித்துவிட்டு, சேலை முனையைச் சித்தி மகள் கையில் கொடுத்து லேப்டாப் விளிம்போடு சேர்த்துப் பிடிக்கச் சொன்னார். அந்தப் பக்கம் அக்கா தன் சேலை முந்தானையை எடுத்து இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். பந்திக்குப் போனவர்கள்கூடத் திரும்பி வந்து பார்த்தார்கள்.

இன்றைக்கும் எங்கள் வீட்டில் மிக்சி நின்றாலும், மோட்டார் ஓடாவிட்டாலும் என் மனைவி ஃப்யூஸைப் பார்ப்பதில்லை. "ஏனுங்க, எதையாச்சும் அணைச்சீங்களா?" என்று என்னிடம்தான் வருவாள்.

போன தை மாதம் அக்கா மகனோடு ஊருக்கு வந்தாள். செருப்பைக் கழற்றியதும் தண்ணீர்கூடக் கேட்கவில்லை. என் மனைவியிடம், "அந்தக் கூறைச்சேலையக் கொஞ்சம் எடுத்துட்டு வா சாமி. உம்பட ஊட்டுக்காரன் கையில ஒரு முனையக் குடு, இன்னொண்ண நான் புடிச்சுக்கறேன்" என்றாள்.