நாலு பொத்தான் ஜனநாயகம்

மலேசியத் தமிழரின் அறிவுக்குப் பெருந்தொண்டு ஆற்றியவர்கள் இரண்டு பேர். அந்த இரண்டு பேருமே ஈப்போ நகரின் குனோங் ராபாட்டில் குடியிருக்கும் தனேஸ்வரன்தான்.

'சொல்லு, வெல்லு' என்ற தொலைக்காட்சிப் புதிர்ப்போட்டியை நடத்துபவர். கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு அவர் "கன்ஃபர்மா?" என்று கேட்டால், சொந்த அப்பா பெயரைச் சொன்னவர்கூட "மாத்திக்கிறேண்ணே" என்பார். தெரிந்தவரைத் தெரியாதவராக்கும் இந்த அரிய 'கல்விப்பணி'யை ஒரு வீடமைப்பு நிறுவனம் கவனித்தது.

தாப்பா பக்கம் அந்த நிறுவனம் வாங்கிய பழைய தோட்டத்தில் ரப்பர் மரங்கள் போய்விட்டன. லயத்து வரிசை வீடுகளில் இருந்த தோட்டத்துச் சனம் மட்டும் போகவில்லை. மாற்று வீடு தராமல் நகரமாட்டோம் என்றது. உடனே 'மக்கள் கருத்தறியும் பெருவிழா' ஏற்பாடானது. தனேஸ்வரன் பிறந்ததும் அதே லயத்தில்தான். 'சொந்த மண்ணுக்குச் சேவை' என்று சம்மதித்தார்.

தோட்டத்து மண்டபத்தில் ஆளுக்கொரு கருவி கொடுத்தார்கள். ஒவ்வொன்றிலும் நாலு பொத்தான். புகை கிளம்பியது, இசை முழங்கியது. தனேஸ்வரன் அட்டையைப் பார்த்துக் கணீரென்று வாசித்தார்.

"நீங்கள் வீட்டைக் காலி செய்யப்போவது எப்போது? ஏ, தீபாவளிக்கு முன். பி, தீபாவளிக்குப் பின். சி, சந்தோஷமாக. டி, மேற்கண்ட அனைத்தும்!"

முன்வரிசையிலிருந்து இருளாயி எழுந்தார். ஒரு காலத்தில் தனேஸ்வரன் குடும்பத்துக்குப் பக்கத்து வீடு.

"தனேசு, போகமாட்டோம்ங்கறதுக்கு எத அமுக்கணும்?"

"அந்த ஆன்சர் இல்லலா, அக்கா."

"ஏன் இல்ல?"

தன்னிடமே ஒருவர் கேள்வி கேட்பார் என்று தனேஸ்வரன் எதிர்பார்த்ததில்லை. அட்டையைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் வெறுமை.

"நாலுல ஒண்ண அமுக்குங்கக்கா. ஷோ போய்க்கிட்டு இருக்கு."

"தா போலே லா, முடியாது. வீடு எங்களுது."

இருளாயி கருவியைக் கீழே வைத்தார். அதைப் பார்த்துவிட்டு ஒவ்வொருவராக எல்லாரும் வைத்தார்கள். மண்டபமே தனேஸ்வரனைப் பார்த்தது. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தும்விட்டது. மேடையோரம் நின்ற நிறுவன மேலாளர் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். தனேஸ்வரன் குரலை உயர்த்தினார்.

"நேரம் முடிந்தது! அமுக்காதவர்கள் அனைவரும் 'டி'! நூற்றுக்கு நூறு!"

வண்ணக் காகிதங்கள் வெடித்துப் பறந்தன. எல்லாரும் 'வென்றுவிட்டதால்' எல்லாருக்கும் ஒரே பரிசு: சக்கரம் வைத்த பெரிய பயணப்பெட்டி.

இருளாயி தன் பெட்டியை உருட்டிக்கொண்டு போய் தனேஸ்வரனின் கார் கதவருகே நிறுத்தினார்.

"நீயே வச்சுக்க, தனேசு. இந்த லயத்துல இனிமே எடமில்லாதவன் நீ ஒருத்தன்தான்."

ஆயிரக்கணக்கானோரிடம் கேள்வி கேட்டே பெயரெடுத்த தனேஸ்வரன், அன்றைக்குத்தான் முதன்முதலாக விடை பெற்றார்.